ஹேமக்: எந்த வகை, எந்தப் பட்டை?

இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டும் தொங்கு படுக்கையான ஹேமக்கை வாங்கும்போது எல்லோரும் துணியைத்தான் தடவிப் பார்க்கிறோம். ஆனால் ராத்திரித் தூக்கம் அதன் நீளத்தையும், அதை மரத்தில் கட்டும் பட்டையையும் பொறுத்தது.

இரு முனையும் சுருக்கிக் கட்டிய சாதாரண வகையில் 9 அடியும் கிடைக்கும், 11 அடியும் கிடைக்கும். சின்னது எடை குறைவு, சாய்ந்து படிக்கப் போதும். தூங்குவதற்கு 11 அடிதான். அதில்தான் மூலைவாட்டாகப் படுக்க முடியும். தலையை ஒரு ஓரத்துக்கும் காலை எதிர் ஓரத்துக்கும் நகர்த்தியதும் துணி விரிந்துகொடுக்கும், முதுகு கிட்டத்தட்ட சமமாகிவிடும். குட்டையானதில் உடம்பு வில்லாக வளைந்து, முழங்காலின் பின்பக்கம் இழுத்துப் பிடிக்கும்.

குறுக்குக் கம்பி வைத்த பிரிட்ஜ் வகை இன்னும் தட்டையானது, ஒருக்களித்துத் தூங்குபவர்களுக்கு ஏற்றது. கம்பியின் சுமை கூடுதல், ஏறி இறங்கும்போது ஆட்டமும் அதிகம். மல்லாந்து தூங்குபவர்களுக்கு இது தேவையே இல்லை.

இனி பட்டை. வரிசையாக வளையங்கள் தைத்ததில் காரபினரை (திறந்து மூடும் உலோகக் கொக்கி) மாட்டினால் வேலை முடிந்தது. ஆனால் ஒரு வளையம் போதாமலும் அடுத்தது அதிகமாகவும் இருந்தால் நடுவில் நிறுத்த வழியில்லை, கனமும் கூட. ஊப்பி ஸ்லிங் என்பது தனக்குள்ளேயே நுழைந்து நீளம் மாறும் டைனீமா (மிக வலுவான செயற்கை இழை) கயிறு. எடை மிகக் குறைவு. ஆனால் ஓரளவுக்கு மேல் சுருங்காது என்பதால், மரங்கள் நெருக்கமாக இருந்தால் சிக்கல். மரத்தைச் சுற்ற அதற்கும் தனிப் பட்டை வேண்டும். என் ஓட்டு, பட்டையைக் கோத்து இழுக்கும் பக்கிளுக்குத்தான்: இழுத்த இடத்தில் நிற்கும். பாதுகாப்புக்கு அதன் பின்னால் ஒரு முடிச்சும் போட்டுக்கொள்ளுங்கள்.

எதுவானாலும், மரத்தைச் சுற்றுவது குறைந்தது 2.5 செ.மீ. அகலமுள்ள பாலியெஸ்டராக இருக்கட்டும். மெல்லிய கயிறு மரத்தை அறுத்துக் காயப்படுத்தும். நைலான் பட்டை பாரத்தில் நீளும், நனைந்தால் இன்னும் நீளும். முழங்கால் உயரத்தில் கட்டியது விடிவதற்குள் தரையை நெருங்கிவிடும்.

அப்புறம், விறைப்பாகக் கட்டவே கூடாது. பட்டை கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிந்திருந்தால், 60 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பக்கமும் சுமார் 60 கிலோ இழுவிசை. அதையே 10 டிகிரிக்கு இழுத்துக் கட்டினால் 170 கிலோவைத் தாண்டும். பட்டை, தையல், மரம் எல்லாமே அந்தப் பாரத்தைத் தாங்கியாக வேண்டும்.

குளிர் கீழிருந்துதான் வரும். ஸ்லீப்பிங் பேக் உடம்புக்கடியில் நசுங்கிவிடுவதால் அந்தப் பக்கம் சூடு நிற்காது. ஃபோம் மேட் செலவு குறைவு, ஆனால் புரளும்போது நழுவும். ஹேமக்குக்கு வெளியே அடியில் தொங்கும் மெத்தைப் போர்வையான அண்டர்குயில்ட் நசுங்காது. குளிர்ப் பிரதேசத்துக்கு என்றால் துணியில் மிச்சம் பிடித்தாவது இதை வாங்குங்கள்.

மழைக்குத் தார்ப்பாய் ஹேமக்கைவிட நீளமாக இருக்க வேண்டும். அப்படியும் மரத்தில் வழியும் தண்ணீர் பட்டை வழியாக உள்ளே வரும். தார்ப்பாய்க்கு அடியில், பட்டையில் ஒரு துண்டு நூலைக் கட்டித் தொங்கவிட்டால் அது அங்கேயே சொட்டிவிடும்.