அயர்லாந்தின் பழைய சென்சஸ் தாள்களோடு ஐந்து வருடம்: மாமியாரின் குடும்பத்தைத் தேடிய அனுபவம்

2020 ஏப்ரலில், வீட்டை விட்டு வெளியே போக முடியாமல் இருந்த நாட்களில் இதைத் தொடங்கினேன். நான் தென்காசிப் பக்கத்துப் பெண். கணவர் அயர்லாந்துக்காரர். டப்ளினில் மாமியாரோடு ஒன்றாக இருக்கிறோம். அவர் மேற்கே மேயோ மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 1944இல் பிறந்தவர். ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது, "எங்கப்பாவைப் பெத்த பாட்டியை நான் பார்த்ததே இல்லம்மா. ஒரு போட்டோகூட கிடையாது" என்றார். அன்று ராத்திரியே மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தேன். இப்போது ஐந்து வருடம் தாண்டிவிட்டது. இதே மாதிரி தேட நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அயர்லாந்தில் 1926க்கு முன் எடுத்த சென்சஸ்களில் முழுசாகக் கிடைப்பவை இரண்டுதான். 1901 மார்ச் 31இல் எடுத்தது ஒன்று, 1911 ஏப்ரல் 2இல் எடுத்தது இன்னொன்று. 1861, 1871 கணக்குத் தாள்களை எண்ணிக்கை எடுத்த கையோடு அரசாங்கமே அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகப் போயின. 1821 முதல் 1851 வரையிலானவை 1922இல் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்து ஆவணக் காப்பகத்தோடு எரிந்தன. அங்கங்கே சில துண்டுகள் மட்டும் மிஞ்சின. 1921இல் சுதந்திரப் போர் நடந்ததால் கணக்கே எடுக்கவில்லை. இது தெரியாமல் முதல் இரண்டு வாரம் 1881 தாளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மிஞ்சிய இரண்டையும் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. காசு கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டியதும் இல்லை. பெயரை வைத்துத் தேடலாம். அல்லது மாவட்டம், அதற்குள் தேர்தல் பிரிவு, அதற்குள் ஊர், அதற்குள் வீடு என்று படிப்படியாக இறங்கலாம். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் கைகொடுத்தது. பெயரை நம்பினால் சுற்றிச் சுற்றி அலைய வேண்டியிருக்கும். 'ஓ' என்று தொடங்கும் குடும்பப் பெயரில் அந்த 'ஓ' ஒரு தாளில் இருக்கும், அடுத்த தாளில் இருக்காது. பிரிட்ஜெட் என்று ஞானஸ்நானம் பெற்றவர் பிடி என்றும் டெலியா என்றும் வருவார். ஊர் பெயர் தெரிந்தால் அந்த ஊரின் எல்லா வீட்டையும் வரிசையாகத் திறந்து பாருங்கள். மேயோவில் ஒரு சின்ன ஊருக்குப் பத்துப் பதினைந்து வீடுதான் இருக்கும். அரை மணி நேர வேலை. அக்கம்பக்கத்து வீடுகளில் யார் இருந்தார்கள் என்றும் தெரிந்துவிடும். மாமியாரின் அத்தை ஒருவரை மூன்றாவது வீட்டில் மருமகளாகக் கண்டுபிடித்தது அப்படித்தான்.

குடும்பத் தாளுக்கு 'ஏ' படிவம் என்று பெயர். குடும்பத் தலைவர் எழுதியது. அவருக்கு எழுதத் தெரியாவிட்டால் கணக்கெடுக்க வந்த போலீஸ்காரர் எழுதிவிட்டு, அவரிடம் ஒரு பெருக்கல் குறி போடச் சொல்வார். பெயர், உறவு, மதம், படிப்பு, வயது, தொழில், பிறந்த இடம், பேசும் மொழி எல்லாம் அதில் இருக்கும். அதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். 'பி1' என்று இன்னொரு தாள் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். வீட்டின் சுவர் கல்லா மண்ணா, கூரை ஓடா வைக்கோலா, எத்தனை அறை, முன்பக்கம் எத்தனை ஜன்னல் என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுதியிருப்பார்கள். கல் சுவருக்கு 1, மண் சுவருக்கு 0. கற்பலகைக் கூரைக்கு 1, வேய்ந்த கூரைக்கு 0. இப்படிக் கூட்டி வீட்டுக்கு வகுப்பும் போட்டிருப்பார்கள். மாமியாரின் பாட்டி வாழ்ந்தது கல் சுவர், வேய்ந்த கூரை, முன்னால் இரண்டு ஜன்னல் உள்ள மூன்றாம் வகுப்பு வீடு. 'பி2' தாளில் ஒரு மாட்டுக் கொட்டில், ஒரு பன்றிக் கொட்டில், ஒரு கோழிக் கூடு. மாமியார் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "அந்தக் கோழிக் கூடு நான் சின்னப் பிள்ளையா இருந்தப்பவும் இருந்துச்சு" என்றார்.

இனி அந்த 1911 தாளுக்கு வருகிறேன்.

1911இல் புதிதாக மூன்று கட்டங்கள் சேர்த்திருந்தார்கள். மணமான பெண்களுக்கு மட்டும்: திருமணமாகி எத்தனை வருடம், உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இன்று உயிரோடு இருப்பவர்கள் எத்தனை. பாட்டியின் வரிசையில் 22, 9, 6 என்று இருந்தது. முதலில் எனக்கு உறைக்கவில்லை. பிள்ளைகளின் வயதைப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. வீட்டில் இருந்த ஐந்து பேரின் வயது 19, 17, 6, 5, 2. பதினேழுக்கும் ஆறுக்கும் நடுவில் யாருமே இல்லை. உடனே 1901 தாளை எடுத்து வைத்துப் பார்த்தேன். அங்கே 11, 9, 7, 4, 2 என்று ஐந்து பிள்ளைகள். அந்த நாலு வயதுப் பிள்ளையும் இரண்டு வயதுப் பிள்ளையும் 1911இல் இல்லை.

அப்புறம் பிறப்பு இறப்புப் பதிவேடுகளில் தேடினேன். அதுவும் அரசு தளத்தில் இலவசமாகவே படத்தோடு கிடைக்கிறது. 1902 பிப்ரவரியில் இருவரும் பதினொரு நாள் இடைவெளியில் இறந்திருக்கிறார்கள். காரணம் கக்குவான் இருமல். இறப்பைத் தெரிவித்தவர் என்ற இடத்தில் பாட்டியின் பெயர், பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, 'மரண நேரத்தில் உடன் இருந்தவர்' என்று ஒரு வரி. நம் பழைய பத்திரங்களில் எழுதத் தெரியாதவர் போடும் கீறலைத் தற்குறி என்பார்கள். இன்று அதை வசைச் சொல்லாக்கிவிட்டோம். அந்தக் குறியின் இரண்டு கோடுகளும் சமமாக இல்லை. ஒன்று நீளமாக இழுத்திருக்கிறது, மை கொஞ்சம் பரவியிருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் இருந்தேன்.

மூன்றாவது குழந்தை எந்த சென்சஸிலும் இல்லை. 1902 கோடையில் பிறந்து, அந்த வருடமே இறந்துபோன ஆண் குழந்தை. இரண்டு கணக்கெடுப்புக்கும் நடுவில் வந்து போனவன். 9, 6 என்ற அந்த இரண்டு எண்கள் இல்லையென்றால் அவனைத் தேட வேண்டும் என்றே எனக்குத் தோன்றியிருக்காது. மாமியாரின் அப்பா 1911 தாளில் ஆறு வயதுப் பையன். தனக்கு முன்னால் மூன்று பேர் போனதை அவர் ஒரு நாளும் வீட்டில் சொன்னதில்லையாம். அவருக்கே தெரியுமா என்பதும் மாமியாருக்குத் தெரியவில்லை. மூன்று பெயரையும் ஒரு காகிதத்தில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

அதே தாளில் என்னை அசைத்த இன்னொரு கட்டம் மொழி. ஐரிஷ் மட்டும் பேசினால் 'ஐரிஷ்' என்றும், இரண்டும் பேசினால் 'ஐரிஷும் ஆங்கிலமும்' என்றும் எழுத வேண்டும். ஆங்கிலம் மட்டும் என்றால் காலியாக விட வேண்டும். வீட்டில் இருந்த கொள்ளுப்பாட்டி, பாட்டி, தாத்தா மூவருக்கும் 'ஐரிஷும் ஆங்கிலமும்'. ஐந்து பிள்ளைகளுக்கும் அந்தக் கட்டம் வெறுமை. ஒரே கூரைக்குக் கீழ், ஒரே தாளில், மேலே மூன்று வரியில் இருந்த மொழி கீழே ஐந்து வரியில் இல்லை. டப்ளினில் வளரும் என் மகள் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். அந்தக் காலிக் கட்டங்களைப் பார்த்த பிறகு, வீட்டுக்குள் அவளிடம் நான் ஆங்கிலத்துக்குத் தாவுவதை விட்டுவிட்டேன்.

வயதை மட்டும் நம்பாதீர்கள். கொள்ளுப்பாட்டிக்கு 1901இல் 60, 1911இல் 75. தவறாகப் படித்துவிட்டேனோ என்று முதலில் நினைத்தேன். விஷயம் வேறு. 1909 ஜனவரியிலிருந்து எழுபது வயதானவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை முதியோர் பென்ஷன் வந்தது. அயர்லாந்தில் எல்லோருடைய பிறப்பையும் பதிவு செய்யத் தொடங்கியது 1864இல்தான். அதற்கு முன் பிறந்தவர்களிடம் சான்று ஏது? பத்து வருடத்தில் பதினைந்து வயது ஏறியவர்கள் அயர்லாந்து முழுக்க இருக்கிறார்கள். உண்மையான வயது தெரிந்து 1911இல் சரியாகச் சொன்னவர்களும் இருப்பார்கள். அதனால் பிறந்த ஆண்டைக் கணக்குப் போடும்போது முன்னும் பின்னும் பத்து வருடம் விட்டுத் தேடுங்கள். கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளை அயர்லாந்து தேசிய நூலகம் 2015 முதல் இலவசமாக வைத்திருக்கிறது. கையெழுத்து மங்கல், பாதி லத்தீன். ஆனாலும் கொள்ளுப்பாட்டியை அங்கேதான் பிடித்தேன்: 1839.

கட்டணத் தளம் ஒன்றிலும் ஒரு வருடம் இருந்தேன். மூத்த பிள்ளையைத் தேடித்தான் சேர்ந்தேன். 1901இல் 11 வயது, 1911இல் வீட்டில் இல்லை, ஆனால் உயிரோடு இருக்கும் ஆறு பேரில் ஒருவர். அமெரிக்கா போனார் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு மட்டும் இருந்தது. அந்தத் தளத்தில் மூன்று மாதம் தேடியும் ஆள் அகப்படவில்லை. காரணம், தாளைப் படித்துத் தட்டச்சு செய்தவர் குடும்பப் பெயரின் முதல் எழுத்தையே தப்பாகப் படித்திருந்தார். கடைசியில் வேறொரு இலவசத் தளத்தில், குடும்பப் பெயரே இல்லாமல், முதல் பெயர், அயர்லாந்தில் பிறந்தவர், வயது 20, சிகாகோ என்று மட்டும் கொடுத்தேன். 1910 அமெரிக்க சென்சஸில் ஒரு வீட்டில் உணவோடு தங்கும் வாடகைக்காரராக இருந்தார். நாட்டுக்குள் வந்த ஆண்டு 1908, கூலி வேலை. பக்கத்து வரியில் அதே வீட்டில் இருந்த இன்னொருவர் மேயோவில் அடுத்த வீட்டுப் பையன்! ஊரின் எல்லா வீடுகளையும் திறந்து பார்த்ததால்தான் அந்தப் பெயரை எனக்கு அடையாளம் தெரிந்தது.

அந்தக் கட்டணத் தளம் வருட முடிவில் என்னைக் கேட்காமலே அடுத்த வருடத்துக்கும் பணம் எடுத்துக்கொண்டது. திரும்ப வாங்க ஆறு வாரம் ஆனது. சேர்கிற அன்றே தானாகப் புதுப்பிப்பதை நிறுத்தி வையுங்கள். அமெரிக்க சென்சஸ் தாள்கள் 72 வருடம் கழித்துத் திறக்கப்படும். 1950 வரை இப்போது பார்க்கலாம், இலவசமாகவே. எனக்கு மறுபடி பணம் கட்டும் தேவை வரவில்லை. எந்தத் தளமானாலும் தட்டச்சு செய்த விவரத்தோடு நிற்காமல் மூலத் தாளின் படத்தைத் திறந்துவிடுங்கள்.

என் பக்கத்துக் குடும்பத்துக்கும் இதைச் செய்ய ஆசைப்பட்டேன். நம் ஊரில் அது முடியாது. 1948 சென்சஸ் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி கணக்கெடுப்புப் பதிவுகளை யாரும் பார்வையிட முடியாது. அயர்லாந்தில் நூறு வருடத்தில் திறப்பது போன்ற ஏற்பாடு அதில் இல்லை. என் ஆச்சியின் அம்மாவைப் பற்றி எனக்குக் கிடைத்தது ஒரு கிரயப் பத்திரத்தில் உள்ள பெயரும், 'இன்னாரின் மனைவி' என்ற அடைமொழியும் மட்டும். எத்தனை பிள்ளை பெற்றார், எத்தனை பேரைப் பறிகொடுத்தார் என்று எந்தத் தாளும் எனக்குச் சொல்லப்போவதில்லை. ஆச்சியோடு பிறந்த சின்னத் தாத்தா ஒருவர் கடையநல்லூரில் இருக்கிறார். போன டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தபோது அவர் சொன்னதையெல்லாம் செல்போனில் பதிவு செய்து வந்திருக்கிறேன்.

சுதந்திர அயர்லாந்தின் முதல் கணக்கெடுப்பு 1926 ஏப்ரல் 18இல் நடந்தது. அந்தத் தாள்களுக்கு 2026 ஏப்ரலில் நூறு வருடம் நிறைகிறது. மாமியாரின் அப்பாவுக்கு அதில் 21 வயது இருக்க வேண்டும். அவர் கையெழுத்துப் போடத் தெரிந்தவர். அம்மா வழிக் குடும்பம் எந்த ஊரில் இருந்தது என்று இப்போதே விசாரித்து, அந்த ஊரின் வீட்டு வரிசையை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மாமியார் சமையலறை நாட்காட்டியில் அந்தத் தேதியை வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.