24+2+1 என்று பெட்டியில் போட்டிருக்கிறது, அதற்குக் காசு கொடுக்கலாமா?

மதர்போர்டு பெட்டியைத் திருப்பினால் இப்போதெல்லாம் முதலில் கண்ணில் படுவது இந்த எண்தான். 16+2+2, 18+2+2, 24+2+1, பக்கத்திலேயே 110 ஆம்ப். கடையில் அதைக் காட்டித்தான் விற்கிறார்கள், வாங்குபவரும் இரண்டு போர்டுக்கு நடுவே தடுமாறும்போது எது பெரிய எண்ணோ அதைத் தூக்கிக்கொண்டு போகிறார். சுற்றி வளைக்காமல் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த எண் சொல்வது விஆர்எம்மை, அதாவது ப்ராசஸருக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பகுதியை. ஒரு மட்டம் வரைக்கும் விஆர்எம் ரொம்ப முக்கியம், அதைத் தாண்டிவிட்டால் இந்த எண்ணுக்காகத் தனியாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். அந்த மட்டம் பலர் நினைப்பதைவிடக் கீழேதான் இருக்கிறது.

முதலில் அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம், தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு வருவது 12 வோல்ட். ப்ராசஸருக்கு வேண்டியது ஏறத்தாழ 1.2 வோல்ட், ஆனால் ஆம்ப் கணக்கில் நூற்றுக்கு மேல். இந்த மாற்றத்தைச் செய்வதுதான் சாக்கெட்டைச் சுற்றி ‘ட’ வடிவத்தில் ஹீட்சிங்குக்கு அடியில் ஒளிந்திருக்கும் பவர் ஸ்டேஜ் சிப்களும் பக்கத்தில் நிற்கும் சோக்கு என்ற கம்பிச்சுருள்களும். ஒவ்வொரு ஸ்டேஜுக்குள்ளும் இரண்டு மாஸ்ஃபெட், அதாவது மின்னணு சுவிட்ச். மேலே இருப்பது 12 வோல்ட்டை ஒரு கணம் திறந்துவிட்டு மூடும், மீதி நேரம் கீழே இருப்பது வேலை பார்க்கும். வினாடிக்கு 5 லட்சம் முறை இது நடக்கிறது என்று வையுங்கள், ஒரு சுற்றுக்கு 2 மைக்ரோ வினாடி, அதில் மேல் மாஸ்ஃபெட் திறந்திருப்பது 0.2 மைக்ரோ வினாடிதான், பன்னிரண்டில் பத்தில் ஒரு பங்கு 1.2 என்பது அப்படித்தான் வருகிறது. வெட்டி வெட்டி வரும் மின்சாரத்தைச் சோக்கும் கெப்பாசிட்டரும் சேர்ந்து சமன் செய்கின்றன. இப்படித் தன் முறைக்குத் திறந்து மூடும் ஒரு வழிக்குப் பெயர் ஃபேஸ். ஒரே ஃபேஸ் எல்லாவற்றையும் சுமந்தால் கருகிவிடும், வோல்ட்டேஜில் ஏறி இறங்கும் அலையும் பெரிதாக இருக்கும், அதனால் பல ஃபேஸ்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து மூடுகிறார்கள். யார் எப்போது திறக்க வேண்டும் என்று சொல்வது கண்ட்ரோலர் சிப்.

இதில்தான் வித்தையே இருக்கிறது. 2019 ஜூலையில் ஏஎம்டியின் ரைசன் 3000 ப்ராசஸர் வரிசையோடு வந்த எக்ஸ்570 சிப்செட் போர்டுகளை எடுத்துக்கொண்டால் மூன்று விதமான வேலைப்பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், அதனால்தான் பழைய போர்டுகளிலிருந்து ஆரம்பிக்கிறேன். கிகாபைட்டின் எக்ஸ்570 ஆரஸ் எக்ஸ்ட்ரீமில் இருந்தது 14+2, கோர்களுக்கு 14, எஸ்ஓசிக்கு (ப்ராசஸருக்குள் கோர் அல்லாத மற்ற பகுதிகள்) 2. இன்ஃபினியனின் 16 ஃபேஸ் கண்ட்ரோலர், அதிலிருந்து ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் நேராகத் தனித்தனிக் கோடு, ஸ்டேஜ் ஒவ்வொன்றும் 70 ஆம்ப். நடுவில் எதுவும் கிடையாது. கணக்கில் பார்த்தால் சுத்தமான வேலை. விலை 699 டாலர்.

ஆசஸின் கிராஸ்ஹேர் 8 ஹீரோவும் 14+2 என்றுதான் போட்டது, ஆனால் அங்கே கண்ட்ரோலர் கொடுப்பது ஏழே ஃபேஸ். ஒவ்வொரு ஃபேஸின் சிக்னலும் இரண்டு ஸ்டேஜுக்கு ஒரே நேரத்தில் போகும், இரண்டும் சேர்ந்தே திறக்கும் சேர்ந்தே மூடும். அதாவது ஃபேஸ் ஏழு, ஸ்டேஜ் பதினான்கு. ஆஸ்ராக் எக்ஸ்570 தாய்ச்சியில் வேறு வழி: ஆறு ஃபேஸ் சிக்னல், நடுவில் டபுளர் என்று ஒரு குட்டிச் சிப், அது ஒரு துடிப்பை இந்த ஸ்டேஜுக்கும் அடுத்த துடிப்பை அந்த ஸ்டேஜுக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கும். ஆறு இப்படிப் பன்னிரண்டாகி, இன்னொரு இரண்டும் சேர்ந்து பெட்டியில் 14 என்று ஆகிவிடும்.

ஹீட்சிங்கைக் கழற்றினால் இது கண்ணுக்கே தெரியும். திருகுகளை எடுத்துவிட்டு மெல்ல ஆட்டினால் தெர்மல் பேட் பிசுபிசுவென்று இழுத்துக்கொண்டு வரும், பேடில் ஒவ்வொரு ஸ்டேஜின் சதுரமும் பள்ளமாகப் பதிந்திருக்கும். எல்லாச் சதுரமும் ஒரே ஆழத்தில் இருந்தால் ஹீட்சிங்க் சரியாக உட்கார்ந்திருக்கிறது, ஒரு ஓரத்தில் பதிவே இல்லையென்றால் அந்த ஸ்டேஜ் காற்றில்தான் நின்றிருக்கிறது என்று அர்த்தம். ஆல்கஹாலில் துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் சிப்பின் மேல் லேசரில் பொறித்த எழுத்து தெரியும். ஹீரோவில் அது ஐஆர்3555, 60 ஆம்ப். தாய்ச்சியில் விஷேவின் எஸ்ஐசி634, 50 ஆம்ப். டபுளர் இருக்கிறதா என்று பார்க்கப் போர்டின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் வரிசையாக ஒட்டியிருப்பார்கள். (வாரண்டி ஸ்டிக்கர் திருகின் மேல் இருந்தால் இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம்.)

சரி, மூன்றில் எது நல்லது? டபுளரில் சிக்னலுக்குக் கொஞ்சம் தாமதம் சேரும். ஆசஸ் முறையில் அந்தத் தாமதம் இல்லை, திடீரென்று லோடு ஏறும்போது இரண்டு ஸ்டேஜும் ஒன்றாகப் பாயும், ஆனால் அலையைப் பொறுத்தவரை அது ஏழு ஃபேஸ் போலத்தான் நடக்கும். கிகாபைட் முறையில் இரண்டு குறையும் இல்லை. ஆனால் இதெல்லாம் ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும். அந்தக் காலத்துப் பெரிய ப்ராசஸர், 16 கோர் ரைசன் 9 3950எக்ஸ், அதற்கு ஏஎம்டி வைத்திருந்த மின் வரம்பு 142 வாட், தொடர்ந்து இழுக்கக்கூடிய கரண்ட் 95 ஆம்ப். பதினான்கு ஸ்டேஜுக்குப் பிரித்தால் தலைக்கு 7 ஆம்ப்கூட வராது. 60 ஆம்ப் தாங்கும் சிப்புக்கு 7 ஆம்ப்! நான்கு பேர் தூக்கவேண்டிய பீரோவுக்கு ஊரையே கூப்பிட்டு நிறுத்திவைத்த கதைதான். 359 டாலர் ஹீரோவிலும் 299 டாலர் தாய்ச்சியிலும் 699 டாலர் எக்ஸ்ட்ரீமிலும் அந்த ப்ராசஸர் ஒரே வேகத்தில்தான் ஓடும். எக்ஸ்ட்ரீமில் எனக்குப் பிடித்தது அதன் விஆர்எம்கூட இல்லை, சிப்செட்டுக்குக் குட்டி ஃபேன் வைக்காமல் சமாளித்தது, மற்ற எக்ஸ்570 போர்டெல்லாம் அப்போது அந்த ஃபேனோடுதான் வந்தன.

அப்படியானால் எதை வாங்கினாலும் ஒன்றுதானா? இல்லை. இதே எக்ஸ்570இல் எம்எஸ்ஐ விட்ட கேமிங் எட்ஜ், கேமிங் ப்ளஸ் எல்லாம் பழைய பாணியில், இரண்டையும் ஒரே சிப்பில் அடக்கிய பவர் ஸ்டேஜ் இல்லாமல் தனித்தனி மாஸ்ஃபெட் வைத்து வந்தவை, 200 டாலரை ஒட்டிய விலையில். 12 கோர், 16 கோர் ப்ராசஸரைப் போட்டு முழு லோடில் ஓட்டிப் பார்த்தவர்களின் சோதனைகளில் விஆர்எம் சூடு மற்றவற்றைவிட எங்கேயோ போய் நின்றது. அதே சமயத்தில் அதைவிடக் குறைந்த விலைக்கு ஆசஸ் டஃப் எக்ஸ்570 ப்ளஸ் 50 ஆம்ப் பவர் ஸ்டேஜ்களோடு கிடைத்தது. எம்எஸ்ஐயும் 2020இல் எக்ஸ்570 டோமஹாக்கைக் கொண்டுவந்து 60 ஆம்ப் ஸ்டேஜ் வைத்துச் சரிசெய்துவிட்டது, அது அந்தத் தலைமுறையின் நல்ல போர்டுகளில் ஒன்று. ஆக, நான் சொன்ன மட்டம் இங்கேதான் இருக்கிறது: தனி மாஸ்ஃபெட்டா, ஒருங்கிணைந்த பவர் ஸ்டேஜா என்ற கோட்டில். பத்துப் பன்னிரண்டு நல்ல ஸ்டேஜ் வந்துவிட்டால் மேலே போவதெல்லாம் அலங்காரம்.

ஏஎம்டியின் இப்போதைய சாக்கெட்டான ஏஎம்5க்கு வருவோம். இங்கே ப்ராசஸர் அதிகம் கேட்கிறது, உண்மைதான். 7950எக்ஸ், 9950எக்ஸ் இரண்டுக்கும் மின் வரம்பு 230 வாட், தொடர்ச்சியான கரண்ட் 160 ஆம்ப். ஆனால் போர்டுக்காரர்கள் அதைவிட வேகமாக ஓடிவிட்டார்கள். ஆசஸ் எக்ஸ்670இ ஹீரோ 18+2, 110 ஆம்ப். கிகாபைட் எக்ஸ்670இ ஆரஸ் மாஸ்டர் 16+2+2, 105 ஆம்ப். ஆஸ்ராக் எக்ஸ்670இ தாய்ச்சி 24+2+1, 105 ஆம்ப். எம்எஸ்ஐ எக்ஸ்670இ காட்லைக்கும் அதே 24+2+1, 105 ஆம்ப், ஆனால் விலை தாய்ச்சியைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். முதல் எண் கோர்களுக்கு, இரண்டாவது எஸ்ஓசிக்கு, மூன்றாவது மற்ற சில்லறை வேலைகளுக்கு, ரேமுக்கு இதில் பங்கே இல்லை, டிடிஆர்5 வந்ததிலிருந்து ரேம் குச்சியிலேயே அதற்கான ரெகுலேட்டர் வந்துவிட்டது. ஹீரோவின் 18 ஸ்டேஜைப் பெருக்கினால் 1980 ஆம்ப். ப்ராசஸர் இழுப்பது 160. தலைக்கு 9 ஆம்ப். தாய்ச்சியில் 24ஆல் வகுத்தால் 7க்கும் கீழே. 110 ஆம்ப் என்பது அந்தச் சிப் ஆய்வகத்தில் நல்ல குளிர்ச்சியில் தாங்கும் உச்சம், உங்கள் கேபினெட்டுக்குள் அது ஒருநாளும் அந்த எண்ணைப் பார்க்கப்போவதில்லை.

விளையாடுவதற்காக 7800எக்ஸ்3டியோ 9800எக்ஸ்3டியோ வாங்குபவர்களுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. அவற்றின் வரம்பே 162 வாட், கேம் ஓடும்போது அதையும் தொடாது. எம்எஸ்ஐ பி650 டோமஹாக்கில் 14+2+1, 80 ஆம்ப் இருக்கிறது. அதுவே அதிகம்.

நான் காசு கொடுக்கத் தயாராக இருக்கும் இடம் ஹீட்சிங்க். 230 வாட் ப்ராசஸருக்குப் போகும்போது விஆர்எம் 90 சதவீதத் திறனில் இருந்தால் ஏறத்தாழ 25 வாட் சூடாக மாறும். அது எங்காவது போயாக வேண்டும். சில போர்டில் ஹீட்சிங்க் என்ற பெயரில் ஒரு வழவழப்பான அலுமினியக் கட்டி, மேலே பிளாஸ்டிக் மூடி, அதற்கு மேல் ஆர்ஜிபி. பார்க்க அழகு, காற்று பட்டால் வழுக்கிக்கொண்டு போய்விடும். கிகாபைட் ஆரஸ் மாஸ்டரில் வைத்த மெல்லிய தகடு அடுக்கு ஹீட்சிங்க் அப்படியில்லை, ஏசி அவுட்டோர் யூனிட்டில் பார்ப்போமே அந்த மாதிரி இதழ் இதழாக, காற்றுக்கு நிறையப் பரப்பு கிடைக்கும். இது நம் ஊருக்கு ரொம்ப முக்கியம், ஏனென்றால் சோதனை வீடியோக்களில் அறை வெப்பம் 21 டிகிரி என்று போட்டிருப்பார்கள், சென்னையில் மே மாதம் ஏசி இல்லாத அறையில் 35ஐ நெருங்கிவிடும். அவர்கள் 65 டிகிரி என்று காட்டினால் நீங்கள் கிட்டத்தட்ட 80 என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் லிக்விட் கூலர் போட்டால் சாக்கெட் பக்கம் ஃபேனே இருக்காது, டவர் கூலரில் ஓசியில் கிடைத்த காற்றும் போய்விடும். அப்படிப்பட்ட கேபினெட்டில் பின்பக்க எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், அது எட்டு ஸ்டேஜ் கூடுதலாக வாங்குவதைவிட அதிகம் உதவும்.

எண்ணைப் பார்த்து நிம்மதியாக இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். இன்டெல் ப்ராசஸருக்கான ஆசஸ் இசட்690 ஹீரோவில் 20+1, 90 ஆம்ப் ஸ்டேஜ்கள், காகிதத்தில் குறை சொல்ல முடியாது. 2021 கடைசியில் அதில் சில போர்டுகள் புகைந்தன, காரணம் விஆர்எம் பலவீனம் இல்லை, ஒரு கெப்பாசிட்டரைத் தலைகீழாகப் பொருத்திவிட்டார்கள், நிறுவனமே ஒப்புக்கொண்டு மாற்றிக்கொடுத்தது. அடுத்தது இன்டெல் 13, 14ஆம் தலைமுறைப் பிரச்சினை. ப்ராசஸர் தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் கேட்டது, போர்டும் கேட்டதைக் கொடுத்தது, ஐ9கள் வரிசையாகத் தகராறு செய்தன. 2024 ஆகஸ்டில் பயாஸ் வழியாக மைக்ரோகோட் (ப்ராசஸரின் உள் நிரல்) அப்டேட் வந்தது, இன்டெல் வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. கேட்டதைக் கொடுப்பதுதான் விஆர்எம்மின் வேலை, கேட்டது சரியா என்று அது யோசிக்காது. போர்டு வாங்கினால் பயாஸ் அப்டேட்டை யார் ஒழுங்காகக் கொடுக்கிறார்கள் என்று பார்ப்பது ஃபேஸ் எண்ணுவதைவிடப் புத்திசாலித்தனம்.

பெரிய விஆர்எம் தேவைப்படும் ஆட்கள் இல்லாமல் இல்லை. திரெட்ரிப்பர் 7980எக்ஸ் மாதிரி 64 கோர், 350 வாட் ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்து நாள் முழுக்க ரெண்டர் ஓட்டினால் ஒவ்வொரு ஸ்டேஜும் வேலை செய்யும். திரவ நைட்ரஜன் ஊற்றிச் சாதனை செய்பவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் அவர்களில் ஒருவர் என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

நான் 9950எக்ஸுக்கு ஒரு போர்டு எடுப்பதென்றால் எம்எஸ்ஐ எக்ஸ்870 டோமஹாக்கில் நின்றுவிடுவேன், 14+2+1, 80 ஆம்ப், கனமான ஹீட்சிங்க். மிச்சப் பணம் ரேமுக்கு. ஹீரோவோ காட்லைக்கோ வாங்குபவர்கள் யூஎஸ்பி போர்ட்டுக்கும் எம்.2 ஸ்லாட்டுக்கும் நெட்வொர்க்குக்கும்தான் காசு கொடுக்கிறார்கள். அவை வேண்டுமென்றால் தாராளமாக வாங்கலாம்.

போர்டின் மேல் ஓரத்தில் இரண்டு எட்டு பின் சாக்கெட் இருக்கிறதே, இரண்டும் கட்டாயமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஓவர்கிளாக் செய்யாவிட்டால் 9950எக்ஸுக்கும் ஒன்றே போதும், பவர் சப்ளையில் இரண்டாவது கேபிள் இருந்தால் அதையும் சொருகிவிடுங்கள், நஷ்டமில்லை. ஆனால் கிராபிக்ஸ் கார்டுக்கு வரும் எட்டு பின் கேபிளை அங்கே திணிக்காதீர்கள், அதில் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். பின் வடிவம் வேறு என்பதால் எளிதில் போகாது, போகவில்லையே என்று அழுத்துபவர்களும் இருக்கிறார்கள்.