கடைமடைக்கு 5 வோல்ட்: மைனிங் குச்சிகளுக்கு எந்த ஹப், எந்த மின்சாரம்?

ஏழு போர்ட் கொண்ட யூஎஸ்பி ஹப் ஒன்றில் மூன்று பிட்காயின் மைனிங் குச்சிகளை (பிட்காயினுக்கான ஹாஷ் கணக்குகளைப் போடும், பென்டிரைவ் போலச் செருகும் சிறு கருவிகள்) செருகி ஓடவிட்டேன். இரண்டு இருந்தவரை எந்தச் சிக்கலும் இல்லை. மூன்றாவதைச் செருகிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. குச்சிகளை இயக்கும் சிஜிமைனர் நிரலின் திரையில் ஒவ்வொன்றாக ‘ஸோம்பி’ என்று மாறத் தொடங்கின. தொடர்பு அறுந்துபோன கருவிக்கு அந்த நிரல் சூட்டியிருக்கும் பெயர் அது. அடாப்டர் போதவில்லை போலும் என்று நினைத்து, ஹப்போடு வந்த 4 ஆம்பியர் அடாப்டரை எடுத்துவிட்டு 10 ஆம்பியர் அடாப்டர் வாங்கி மாட்டினேன். மறுபடியும் அதே முடிவு. பிறகுதான் மல்டிமீட்டரை எடுத்தேன். அடாப்டரின் முனையில் 5.08 வோல்ட். குச்சி செருகியிருந்த போர்ட்டில் 4.47 வோல்ட். அணையில் நீர் ததும்புகிறது, கடைமடை காய்கிறது.

ஹப்பை மாற்றியமைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் அணையைப் பெரிதாக்கத்தான் ஓடுகிறார்கள். வாய்க்காலைப் பார்ப்பதில்லை. கீழே ஒப்பிடும் வழிகள் அனைத்தையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: எல்லாக் குச்சிகளும் முழு வேகத்தில் ஓடும்போது, கடைசிப் போர்ட்டில் எத்தனை வோல்ட் நிற்கிறது?

முதலில் பசியின் அளவைச் சொல்லிவிடுகிறேன். யூஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு போர்ட் தர வேண்டியது 500 மில்லிஆம்பியர், 3.0 என்றால் 900. 2013இல் ஏசிக்மைனர் கொண்டுவந்த பிளாக் எரப்டர் குச்சி சுமார் 333 மெகாஹாஷ் வேகத்தில் (நொடிக்கு 33.3 கோடி ஹாஷ் கணக்குகள்) ஓடி, ஏறத்தாழ 2.5 வாட் எடுத்துக்கொண்டது. அதாவது யூஎஸ்பி 2.0 எல்லையின் விளிம்பிலேயே நின்றது. பத்துப் போர்ட் ஹப் முழுக்கச் செருகினால் 5 ஆம்பியர் வேண்டும். அதோடு வந்த 4 ஆம்பியர் அடாப்டர் அப்போதே திணறியது. பிறகு வந்த கெக்கோசயின்ஸ் நிறுவனத்தின் குச்சிகளில் இந்தப் பசி பல மடங்கானது. ஆன்ட்மைனர் எஸ்9 என்ற பெரிய மைனிங் இயந்திரத்தில் இருந்த அதே பிஎம்1387 சில்லு இரண்டைக் கொண்ட நியூபேக் குச்சி, 100 மெகாஹெர்ட்ஸில் சுமார் 22 ஜிகாஹாஷ் (ஒரு ஜிகாஹாஷ் என்பது 1,000 மெகாஹாஷ்) தருகிறது. பிஎம்1397 சில்லு கொண்ட காம்பாக் எஃப் குச்சி 300 ஜிகாஹாஷை நெருங்கும்போது 10 வாட்டைத் தாண்டிவிடுகிறது. ஒரே போர்ட்டில் 2 ஆம்பியருக்கு மேல். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது இங்கே மிகைச் சொல் அல்ல.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் எந்த ஹப்பையும் திறக்க வேண்டாம். குச்சிக்குள் இருக்கும் மின்னழுத்த மாற்றி, 5 வோல்ட்டைச் சில்லுக்குத் தேவையான மிகக் குறைந்த மின்னழுத்தமாக இறக்குகிறது. சில்லு கேட்கும் வாட் மாறாது. எனவே உள்ளே வரும் வோல்ட் குறைந்தால், அதை ஈடுகட்ட மாற்றி அதிக ஆம்பியரை இழுக்கும். 10 வாட் குச்சி 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் எடுக்கும்; 4.5 வோல்ட்டில் 2.2 ஆம்பியர். ஆம்பியர் கூடினால் கம்பியில் இழப்பு கூடும். இழப்பு கூடினால் வோல்ட் இன்னும் இறங்கும். சாதாரண பல்பு என்றால் மங்கி எரிந்து தப்பித்துக்கொள்ளும். மைனிங் குச்சி மங்காது. தன்னைத் தானே பள்ளத்தை நோக்கி இழுத்துக்கொண்டு போய் விழும். இரண்டு குச்சி நன்றாக ஓடி, மூன்றாவது செருகியதும் மூன்றுமே விழுவதற்குக் காரணம் இதுதான்.

பெரிய அடாப்டர் மட்டும் மாற்றுவது

எளிதானது, சால்டர் வேண்டாம், உத்தரவாதமும் கெடாது. 10 ஆம்பியர் அடாப்டர் வாங்கிச் செருகினால் போதும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அடாப்டரின் கம்பி ஒன்றரை மீட்டர், 20 கேஜ் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். போகவும் வரவும் 3 மீட்டர் செம்பு, மின்தடை 0.1 ஓம். 5 ஆம்பியர் ஓடினால் அந்தக் கம்பியிலேயே அரை வோல்ட் போய்விடுகிறது. அடுத்து ஹப்பின் வட்ட ஜாக்; இந்த வகை ஜாக்குகள் பெரும்பாலும் 2 முதல் 5 ஆம்பியர் வரைதான் தாங்கும். அதற்கப்பால் சர்க்யூட் போர்டின் செப்புத்தடம். வழக்கமான 35 மைக்ரான் தடிமனில், 2 மில்லிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் நீளமும் உள்ள தடத்துக்குச் சுமார் 25 மில்லிஓம். 5 ஆம்பியரில் அங்கே இன்னொரு 0.12 வோல்ட். இதற்கு நடுவே போர்ட்டுக்குப் போர்ட் அல்லது தொகுதிக்குத் தொகுதி தானே மீளும் ஃபியூஸ் ஒன்று உட்கார்ந்திருக்கும். சூடானால் தடை கூடுவது அதன் இயல்பு.

எனவே, ஒவ்வொன்றும் அரை ஆம்பியருக்குள் எடுக்கும் பழைய குச்சிகளுக்கும், மிதமான வேகத்தில் ஓடும் ஒன்றிரண்டு நியூபேக்குக்கும் இந்த வழி போதும். காம்பாக் எஃப் வைத்திருப்பவருக்கு இது பணத்தைத் தண்ணீரில் போடுவது.

பழைய கணினியின் எஸ்எம்பிஎஸ்

வீட்டு மூலையில் கிடக்கும் ஏடிஎக்ஸ் பெட்டிக்கு (மேசைக் கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்) இதில் ஒரு மறுவாழ்வு உண்டு. அதன் 5 வோல்ட் தடத்தில் 20 ஆம்பியர் அளவுக்கு இருப்பது வழக்கம். பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளில் பார்த்துக்கொள்ளலாம். பச்சைக் கம்பியைக் கறுப்போடு இணைத்தால் ஓடத் தொடங்கும். சிவப்புக் கம்பிகளில் 5 வோல்ட். பல சிவப்பு, பல கறுப்புக் கம்பிகளைச் சேர்த்து ஹப்பின் போர்டில் நேரடியாகச் சால்டர் செய்தால், அடாப்டர் கம்பி, ஜாக் என்ற இரண்டு இழப்புகளும் ஒரே அடியில் ஒழிகின்றன.

ஆனால் பழைய பெட்டிகளில் ஒரு குறை. 5 வோல்ட்டையும் 12 வோல்ட்டையும் ஒரே கட்டுப்பாட்டில் சேர்த்து நிர்வகிக்கும் வடிவமைப்பு அவற்றில் பரவலாக இருந்தது. 12 வோல்ட்டில் சுமையே இல்லாமல் 5 வோல்ட்டில் மட்டும் இழுத்தால், 5 வோல்ட் கீழே சாயும், 12 மேலே ஏறும். ஒரு பழைய கணினி ஃபேனையோ, சிறு சுமையையோ 12 வோல்ட்டில் மாட்டி வைத்தால் ஓரளவு சரியாகும். இடம் அடைக்கும், சத்தம் போடும், சில வாட்டைத் தானே சாப்பிடும். கையில் இருந்தால் பயன்படுத்துங்கள். இதற்கென்று விலை கொடுத்து வாங்க வேண்டாம்.

தொழிற்சாலை வகை 5 வோல்ட் எஸ்எம்பிஎஸ்

துளையிட்ட உலோகக் கூட்டுக்குள் வரும், திருகு முனைகள் கொண்ட பெட்டி. எல்இடி பலகைகளுக்குப் பயன்படுவதால் பல மின்னணுக் கடைகளில் கிடைக்கிறது. மீன்வெல் நிறுவனத்தின் எல்ஆர்எஸ்-100-5 என்ற மாதிரி 5 வோல்ட்டில் 18 ஆம்பியர் தருகிறது. 12 வோல்ட் தடம் என்ற தொல்லை இல்லை. வெளியீட்டைச் சற்றே ஏற்றி இறக்கும் திருகும் இருக்கிறது.

சால்டர் பிடிக்கத் தெரிந்தவருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். பெட்டியிலிருந்து ஹப்புக்கு 30 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல், வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் இணையுங்கள். போக வரச் சேர்த்து 4.4 மில்லிஓம், 10 ஆம்பியர் ஓடினாலும் இழப்பு 0.05 வோல்ட்டுக்குள். ஹப்பின் உள்ளே, போர்ட்டுகளின் 5 வோல்ட் கால்களை எல்லாம் தொட்டுக்கொண்டு ஒரு தடித்த செப்புக் கம்பியை நீளவாக்கில் சால்டர் செய்துவிட வேண்டும். பூமிக் கால்களுக்கும் (மின்னோட்டம் திரும்பும் ‘கிரவுண்ட்’ முனைகள்) அதே போல இன்னொன்று. பலர் 5 வோல்ட் பக்கத்தை மட்டும் தடிமனாக்கிவிட்டு, திரும்பும் பாதையை மெல்லிய தடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். போன மின்னோட்டம் முழுவதும் திரும்பி வந்தாக வேண்டும். தரவுக் கோடுகளும் அந்தப் பூமியைத்தான் சுழியமாக நம்பியிருக்கின்றன. அது சில நூறு மில்லிவோல்ட் தள்ளாடினால், மின்சாரம் போதுமானதாக இருந்தும் தொடர்பு அறுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தடம் மெலிந்திருக்கிறது என்று உள்ளிருக்கும் ஃபியூஸைக் கடந்து கம்பி போடும்போது, காவலாளியையும் வெளியே அனுப்பிவிடுகிறோம். 18 ஆம்பியர் பெட்டிக்கு, ஒரு குச்சி குறுக்கிணைந்து (ஷார்ட் ஆகி) 8 ஆம்பியர் ஓடுவது சாதாரணச் சுமையாகத்தான் தெரியும், அது நிறுத்தாது. மெல்லிய தடம்தான் எரியும். எனவே போர்ட்டுக்கு ஒன்றாக, அல்லது இரண்டு போர்ட்டுக்கு ஒன்றாக, கண்ணாடி ஃபியூஸ் வையுங்கள். 2 ஆம்பியர் எடுக்கும் குச்சிக்கு 3 ஆம்பியர் ஃபியூஸ் பொருந்தும். 230 வோல்ட் திருகு முனைகளை மூடி வைப்பதும், மண்ணிணைப்பு கொடுப்பதும் விருப்பத்துக்கு விடும் விஷயம் அல்ல. வோல்ட் திருகை 5.25க்கு மேல் ஏற்றவும் கூடாது; கடைசிப் போர்ட்டைக் காப்பாற்றப் போய் முதல் போர்ட்டை வாட்டுவதாகிவிடும்.

கணினிப் பக்கத்தையும் மறக்கக் கூடாது. பல மலிவான ஹப்புகளில், வெளியிலிருந்து கொடுக்கும் 5 வோல்ட் மேலே போகும் கேபிள் வழியாகக் கணினிக்கே திரும்பிப் பாயும். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியை வைத்து ஓட்டுவோர் இதில் அடிபட்டிருக்கிறார்கள். மேலேறும் கேபிளின் சிவப்புக் கம்பியைத் துண்டித்துவிடுவது வழக்கமான தீர்வு. ஆனால் சில ஹப் சில்லுகள் அந்தக் கம்பியில் வோல்ட் வருவதைப் பார்த்துத்தான் கணினி இருப்பதை அறிகின்றன. முதலில் அந்த முனையின் மேல் ஒரு துண்டு நாடாவை ஒட்டிச் சோதித்துவிட்டு, ஹப் இயங்கினால் மட்டும் வெட்டுங்கள்.

12 வோல்ட் ஏற்கும் ஹப்

மேலே சொன்ன கம்பியின் கணக்கை 12 வோல்ட்டுக்குப் போடுங்கள். 25 வாட்டுக்கு 5 வோல்ட்டில் 5 ஆம்பியர். 12 வோல்ட்டில் 2.1 மட்டுமே. அதே 0.1 ஓம் கம்பியில் 2.5 வாட் வீணானது, இப்போது அரை வாட்டுக்குள் அடங்குகிறது. போர்ட்டுகளின் பக்கத்திலேயே 5 வோல்ட்டாக மாற்றப்படுவதால், நீண்ட வாய்க்காலின் இழப்பு கடைமடையைத் தொடுவதே இல்லை. சந்தையில் 12 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டரோடு வரும் பத்துப் போர்ட் ஹப்புகள் இருக்கின்றன. கெக்கோசயின்ஸும் தன் குச்சிகளுக்காகவே 12 வோல்ட் ஹப் ஒன்றை உருவாக்கியது.

இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட வேண்டாம். பொதுப் பயன்பாட்டு ஹப்பின் 60 வாட் என்பது மொத்தக் கணக்கு. ஒவ்வொரு போர்ட்டுக்கும் அதற்கென எல்லை உண்டு, சில போர்ட்டுகள் கைப்பேசிக்கு மின்னேற்ற மட்டுமே, அவற்றில் தரவே ஓடாது. மைனிங்குக்கென்று செய்த ஹப்பில் அந்தத் தடங்கல் இல்லை, விலைதான் உறுத்தும். ஆயினும் மூன்று காம்பாக் எஃப் வைத்திருப்பவர் மலிவான ஹப் ஒன்று, 5 வோல்ட் பெட்டி ஒன்று, கம்பி, ஃபியூஸ், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று கூட்டிப் பார்த்தால், வித்தியாசம் நினைத்த அளவு பெரிதல்ல. சால்டர் பிடிக்கத் தெரியாதவருக்கு இதுவே சரியான தேர்வு.

ஹப்பே வேண்டாம் என்றால்

பிட்ஆக்ஸ் என்ற திறந்த வடிவமைப்பு மைனிங் கருவி வந்தபின் இந்தக் கேள்வி நியாயமானது. வைஃபையில் தானே இணைந்துகொள்ளும். கணினியும் ஹப்பும் தேவையில்லை. பிஎம்1370 சில்லு கொண்ட காமா மாதிரி சுமார் 1.2 டெராஹாஷ் தருகிறது. நான்கு காம்பாக் எஃப் சேர்ந்து தருவது. ஆனால் அதுவும் 5 வோல்ட் வட்ட ஜாக்கில் 17 வாட் அளவுக்கு இழுக்கிறது. மெல்லிய கம்பி அடாப்டரை மாட்டினால் அதே நோய் அங்கேயும் வரும்.

வருமானக் கணக்கை இங்கே யாரும் எதிர்பார்க்க வேண்டாம். 2024 ஏப்ரலுக்குப் பிறகு ஒரு பிளாக்கை (பிட்காயின் பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்பு) கண்டுபிடிப்பவருக்குப் பரிசு 3.125 பிட்காயின். உலக பிட்காயின் வலையமைப்பின் வேகத்தை 600 எக்ஸாஹாஷ் (60,000 கோடி ஜிகாஹாஷ்) என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், 300 ஜிகாஹாஷ் குச்சி தனியாக ஒரு பிளாக் கண்டுபிடிக்கச் சராசரியாக 38,000 ஆண்டுகள் ஆகும். குச்சி ஓட்டுவோர் கற்றுக்கொள்ளவும், அந்தச் சிறு வாய்ப்பின் ஈர்ப்புக்காகவும் ஓட்டுகிறார்கள். நானும் அப்படித்தான். ஓயாமல் ஓடுவது அதனாலேயே முக்கியமாகிறது. செத்துக் கிடக்கும் குச்சிக்கு அந்தச் சிறு வாய்ப்பும் கிடையாது.

என் மேசையில் இப்போது இருப்பது 5 வோல்ட், 18 ஆம்பியர் பெட்டி, உள்ளே செப்புக் கம்பி போட்ட அதே ஏழு போர்ட் ஹப், மூன்று குச்சிகள், அவற்றுக்கு நேரே காற்று வீசும் ஒரு ஃபேன். பெட்டியின் முனையில் 5.10 வோல்ட். மூன்றும் முழு வேகத்தில் ஓடும்போது கடைசிப் போர்ட்டில் 4.96.