மேதர் பாயின்டோடு திரும்பிவிடாதீர்கள்: கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் பெரும் பள்ளத்தாக்கான கிராண்ட் கேன்யனுக்குப் போகிறவர்களில் நிறையப் பேர் மேதர் பாயின்ட் என்ற காட்சி முனையில் கம்பியைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டு, "பார்த்தாச்சு" என்று கிளம்பிவிடுகிறார்கள். மேதர் பாயின்டில் குறை ஒன்றும் இல்லை. பார்வையாளர் மையத்திலிருந்து நடந்தே போய்விடலாம், சக்கர நாற்காலிக்குப் பாதை உண்டு, எதிர் விளிம்பு வரை விரிந்து கிடக்கும் பள்ளம் முதல் பார்வையிலேயே ஆளைத் திகைக்க வைத்துவிடும். ஆனால் கொலராடோ ஆறு அங்கிருந்து ஒரு துணுக்காகத்தான் தெரியும். இவ்வளவையும் ஓர் ஆறு அறுத்தது என்பது மனதில் ஏறாது. பல வருடம் புவியியல் பாடம் எடுத்து, ஆற்றின் அரிப்பைக் கரும்பலகையில் வரைந்து காட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆறு தெரியும் இடங்களைத் தேடிப் போங்கள்.

என் மகன் பீனிக்ஸில் இருக்கிறான். அவன் காரில் குடும்பத்தோடு போனோம். நான் பிடிவாதமாக முதலில் அழைத்துப் போனது யவபாய் நிலவியல் அருங்காட்சியகத்துக்கு. 1928-இல் கட்டிய சிறிய கல் கட்டடம். பெரிய கண்ணாடி ஜன்னல் வழியாகப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே எந்த அடுக்கு எது என்று படிக்கலாம். அங்கிருந்து கிராண்ட் கேன்யன் வில்லேஜ் என்ற, விடுதிகள் இருக்கும் கிராமப் பகுதிக்குப் போகும் நடைபாதையில் ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் வருடம் பின்னால் போவதாகக் கணக்கு. பாதையோரம் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் பாறை கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கலாம். மேலே நாம் நிற்கும் கைபாப் சுண்ணாம்புக்கல்லுக்குச் சுமார் 27 கோடி வயது. அடியில் இருக்கும் விஷ்ணு ஷிஸ்ட் என்ற உருமாறிய பாறைக்கு 170 கோடிக்கும் மேல். கறுப்பாக, வரிவரியாக இருக்கிறது. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் அபிரகம் மின்னுகிறது. ஆம், விஷ்ணுதான். பிரம்மா ஷிஸ்ட், ராமா ஷிஸ்ட்டும் உண்டு. எதிரே தெரியும் சிகரங்களுக்கு இருக்கும் விஷ்ணு கோயில், சிவன் கோயில் என்ற பெயர்கள் 1880களில் இங்கே ஆய்வு செய்த நிலவியலாளர் கிளாரன்ஸ் டட்டன் வைத்தவை. என் மனைவி அந்தக் கறுப்புக் கல்லில் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றாள்.

இந்த அருங்காட்சியகத்தைப் பார்க்காமல் மற்ற இடங்களுக்குப் போனால் பாதிதான் புரியும். பாறைக்கு வயது கோடிக்கணக்கில், ஆனால் கொலராடோ ஆறு இந்தப் பள்ளத்தை அறுத்தது பெரும்பாலும் கடைசி 50, 60 லட்சம் வருடத்துக்குள்தான். மாணவர்கள் எப்போதும் குழப்பிக்கொள்ளும் இடம் இது.

அடுத்து, கிராமத்திலிருந்து விளிம்பை ஒட்டி மேற்கே போகும் ஹெர்மிட் ரோடு. சுமார் 11 கிலோமீட்டர். மார்ச் முதல் நவம்பர் வரை சொந்தக் காருக்கு அனுமதி இல்லை; பூங்காவின் இலவசப் பேருந்தில்தான் போக வேண்டும். அந்த ஏற்பாட்டை மனதாரப் பாராட்டுகிறேன். வாகன நிறுத்தத்துக்கு அலைய வேண்டாம், இறங்கின இடத்திலிருந்து விளிம்போரமாக அடுத்த நிறுத்தம் வரை நடந்து, அங்கே வேறு பேருந்தில் ஏறிக்கொள்ளலாம். ஒன்று கவனியுங்கள்: போகும்போது எல்லா முனையிலும் நிற்கும் பேருந்து, திரும்பும்போது பீமா, மோஹாவி, பவல் ஆகிய மூன்றில்தான் நிற்கும். ஹோப்பி பாயின்டில் அஸ்தமனம் பார்க்கக் கூட்டம் அலைமோதும். மோஹாவியில் கூட்டம் குறைவு, ஆறும் வெள்ளையாகப் புரளும் நீர்ச்சுழிப்பும் நன்றாகத் தெரியும். எனக்குப் பிடித்தது பீமா பாயின்ட். காற்று அடங்கியிருந்தால், ஒரு கிலோமீட்டருக்கும் மேல் கீழே ஓடும் ஆற்றின் இரைச்சல் அங்கே காதில் விழும். பேருந்து போன பிறகு பேசாமல் நில்லுங்கள், கேட்கும்.

பவல் பாயின்டில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. ஜான் வெஸ்லி பவல் போரில் வலக்கையை இழந்தவர். 1869-இல் பத்துப் பேர், நான்கு படகுகள் என்று கிளம்பி இந்த ஆற்று வழியே வந்தார். கடைசியில் ஆறு பேர்தான் அவரையும் சேர்த்து வெளியே வந்து சேர்ந்தார்கள்.

அவருக்கும் முன்னால் 1540-இல், இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ஹோப்பி மக்கள் வழிகாட்ட, கார்டெனாஸ் என்ற ஸ்பானியர் தன் ஆட்களோடு விளிம்புக்கு வந்தார். மேலிருந்து ஆறு ஆறடி அகலம்தான் என்று தோன்றியிருக்கிறது. மூன்று பேர் இறங்கிப் பார்த்து, மூன்றில் ஒரு பங்குகூடத் தாண்ட முடியாமல் திரும்பினார்கள். மேலிருந்து ஆள் உயரம் என்று நினைத்த பாறைகள் ஸ்பெயினின் செவில் நகரத்துப் பெரிய கோபுரத்தைவிட உயரமாம். இன்றும் விளிம்பில் நிற்பவர் கண்ணை இந்தப் பள்ளம் அப்படித்தான் ஏமாற்றுகிறது.

அப்புறம் டெசர்ட் வியூ. கிராமத்திலிருந்து கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர், இந்தச் சாலையில் சொந்தக் கார் போகலாம். நேரமில்லை என்று பலர் விட்டுவிடுவது இதைத்தான். விடாதீர்கள். வடக்கிலிருந்து வரும் ஆறு மேற்கே திரும்பும் அந்த வளைவு இங்கிருந்துதான் முழுசாகத் தெரிகிறது. கரும்பலகையில் நான் வரைந்ததெல்லாம் அங்கே உயிரோடு ஓடிக்கொண்டிருந்தது. கட்டடக் கலைஞர் மேரி கோல்ட்டர் வடிவமைத்து 1932-இல் எழுந்த 21 மீட்டர் கல் கோபுரம் பக்கத்திலேயே. உள்ளே ஹோப்பி ஓவியர் பிரெட் கபோட்டியின் சுவரோவியத்தில், இந்த ஆற்றில் முதன்முதலாகப் பயணம் போனவனின் கதை இருக்கிறது. அவன் பவல் அல்ல, ஹோப்பிக் கதையில் வரும் இளைஞன். மேல் தளங்கள் சில சமயம் மூடியிருக்கும்.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. 1919-இல் தேசியப் பூங்கா ஆனது என்று எல்லோரும் சொல்கிறார்கள், அங்கே முன்பே இருந்தவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. பிரைட் ஏஞ்சல் பாதை தொடங்கும் இடத்தில் நின்று கீழே பார்த்தால் பச்சையாக ஒரு மரக்கூட்டம் தெரியும். ஹவசுபாய் என்ற பூர்வகுடி மக்கள் பயிர் செய்த நிலம் அது. அவர்களில் கடைசியாக அங்கே இருந்தவரை 1928-இல் வெளியேற்றினார்கள். 1975-இல் விளிம்பை ஒட்டிய வேறு நிலம், சுமார் 1,85,000 ஏக்கர், அவர்களிடம் திரும்பியது. கீழே தெரியும் அந்தப் பச்சைத் தோட்டத்துக்கு ஹவசுபாய் கார்டன்ஸ் என்ற பெயர் 2022-இல்தான் வந்தது. படம் எடுக்கும்போது அந்தப் பச்சையையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

காருக்கான நுழைவுச் சீட்டு 35 டாலர், ஏழு நாள் செல்லும். அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு 2026 முதல் கூடுதல் கட்டணமும் உண்டு, கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். விளிம்பு 2,100 மீட்டர் உயரம், வயதானவர்களுக்கு லேசாக மூச்சு வாங்கும். எல்லா இடத்திலும் தடுப்புக் கம்பி கிடையாது, குழந்தையின் கையை விடாதீர்கள். ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் காலையில் யவபாய், பகலில் ஹெர்மிட் ரோடு, வெயில் சாயும் நேரத்துக்கு டெசர்ட் வியூ. மேதர் பாயின்டை வழியில் பத்து நிமிடம் பார்த்தால் போதும்.