கதிரையை எடுப்பதா, காகிதம் ஒட்டுவதா?

2020 மார்ச்சில் யாழ்ப்பாணத்திலும் கொரோனாத் தொற்று உறுதியான பிறகு, ஆஸ்பத்திரிகளில் "ஒரு மீற்றர் இடைவெளி" எல்லோர் வாயிலும் இருந்தது. ஊழியர்களுக்குள் அதைக் கடைப்பிடிக்க வைக்க இரண்டு வழி: அறிவித்தல் ஒட்டுவது, அல்லது இடத்தையும் நேரத்தையும் மாற்றுவது.

அறிவித்தல் மலிவு. ஒரே பின்னேரத்தில் ஒட்டி, நிலத்தில் கோடும் போட்டுவிடலாம். மருந்து எடுக்கும் வரிசைக்கும் லிப்ட் வாசலுக்கும் அது போதும்.

சிக்கல் சாப்பாட்டு நேரத்தில்தான். நோயாளிக்கு முன்னால் முகக்கவசம், கையுறை என்று அவ்வளவு கவனமாக இருக்கும் தாதியரும் சிற்றூழியரும், ஓய்வறையில் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஒரே மேசையில் சோற்றுப் பார்சலைப் பிரிப்பார்கள். "மிஸ், கொஞ்சம் சொதி விடட்டோ?" என்று கேட்கிறவரைச் சுவரில் இருக்கிற காகிதமா தடுக்கும்? பசி, களைப்பு, பழக்கம். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

கதிரையைப் பாதியாகக் குறைத்து, சாப்பாட்டு நேரத்தை இரண்டு மூன்றாகப் பிரித்து, யன்னலையும் திறந்துவிட்டால் யாரும் யாரையும் திருத்த வேண்டியதில்லை. பெரிய டொக்டரிடம் ஒரு சிற்றூழியர் "தள்ளி இருங்கோ சேர்" என்று சொல்லுவாரா என்ன!

ஊழியர் குறைந்த நோயாளர் விடுதியில் நேரம் பிரிப்பது லேசில்லை, சரி. கடைசியாகச் சாப்பிடுகிறவர்கள் முணுமுணுப்பார்கள். என்றாலும் நான் கதிரையைத்தான் எடுப்பேன். எடுத்ததை ஸ்டோரில் வைத்துப் பூட்டவும் வேண்டும். விறாந்தையில் விட்டால் அடுத்த நாளே உள்ளே வந்துவிடும்.