ஐ.நா.வின் மக்கள்தொகைத் தரவு: மொத்த எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள்

உலக மக்கள்தொகை பற்றி எந்தச் செய்தி வந்தாலும் அதன் அடியில் பெரும்பாலும் இருப்பது ஐ.நா. மக்கள்தொகைப் பிரிவு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடும் World Population Prospects என்ற கணிப்புத் தொகுப்புதான். நான் பயன்படுத்துவது 2024 ஜூலையில் வந்த பதிப்பு. 237 நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும், 1950-லிருந்து 2100 வரை, எல்லாமே இலவசம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், மூலத்தைக் குறிப்பிட்டால் மறுபடி பயன்படுத்தவும் தடையில்லை. இதற்கே முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

ஆனால் பலர் முதல் பக்கத்தில் இருக்கும் மொத்தத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். 2024-ல் 820 கோடி, 2080-களின் நடுவில் ஏறத்தாழ 1030 கோடி, அப்புறம் மெல்ல இறக்கம், அவ்வளவுதான். இந்தத் தொகுப்பின் உயிர் அங்கே இல்லை, வயதுவாரிக் கோப்புகளில் இருக்கிறது.

ஜப்பானை எடுத்து, ஒற்றை வயதுக் கோப்பில் ஒரு பிரமிடு, அதாவது ஆண்களை ஒரு பக்கமும் பெண்களை மறுபக்கமும் வைத்து வயதுவாரியாக அடுக்கிய வரைபடம், வரைந்து பாருங்கள். 1966-ல் பிறந்தவர்கள் இருக்கும் இடத்தில் மட்டும் கத்தியால் கீறியதுபோல ஒரு பள்ளம் தெரியும். அது பழைய நாட்காட்டிப்படி 'நெருப்புக் குதிரை' ஆண்டு. அதில் பிறக்கும் பெண்கள் கணவனுக்கு ஆகாதவர்கள் என்ற நம்பிக்கையால் அந்த ஒரு வருடம் பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட்டார்கள், முந்தைய ஆண்டு 18 லட்சத்துக்கு மேல் இருந்த பிறப்பு 13.6 லட்சமாக இறங்கியது, அடுத்த ஆண்டே பழையபடி ஏறிவிட்டது. இதையே ஐந்தைந்து வயதாகச் சேர்த்த கோப்பில் தேடினால் பள்ளம் அக்கம்பக்கத்து வயதுகளில் கரைந்துபோயிருக்கும். 2022 பதிப்பிலிருந்து ஒவ்வொரு வயதுக்கும் ஒவ்வொரு ஆண்டுக்கும் தனித்தனியாகக் கணக்கிடத் தொடங்கினார்கள். என்னைக் கேட்டால் இந்தச் சேவையில் நடந்த மிகப் பெரிய முன்னேற்றம் அதுதான். சீனாவில் 1959-61 பஞ்சம் விட்டுச்சென்ற பள்ளத்தையும் இப்படியே பார்க்கலாம். கத்தாரை எடுத்தால் பிரமிடு என்ற பெயரே பொருந்தாது, வேலைக்கு வந்தவர்களால் ஆண்கள் பக்கம் மட்டும் நடுவில் பெருத்து நிற்கும்.

கணிப்புப் பகுதியை மட்டும் கவனமாகப் படியுங்கள். 2100-ல் 1090 கோடி என்று 2019 பதிப்பு சொன்னது. 2024 பதிப்பில் அது 1020 கோடி. ஐந்தே ஆண்டில் 70 கோடிப் பேர் குறைந்தது அவர்கள் கணக்குத் தப்பியதால் மட்டுமல்ல, பல நாடுகளில் பிள்ளைப்பேறு எதிர்பார்த்ததைவிட வேகமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. தென் கொரியாவில் 1960-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகள், 2023-ல் 0.72. இப்படி ஒரு சரிவை எந்தச் சூத்திரம் முன்கூட்டிச் சொல்லும்? உண்மையான எண் எதற்குள் விழக்கூடும் என்று காட்டும் எண்பது, தொண்ணூற்றைந்து விழுக்காடு நம்பக எல்லைகளையும் அவர்களே சேர்த்துத்தான் தருகிறார்கள். அந்த எல்லைகளுக்கு நடுவில் ஓடும் கோட்டை மட்டும் எடுத்துத் தலைப்பாக்குவது ஊடகங்கள் செய்யும் வேலை, அதற்குத் தொகுப்பைக் குறை சொல்ல முடியாது.

என் பெரிய குறை, நாட்டு எல்லைக்கு உள்ளே இது எட்டிப்பார்ப்பதே இல்லை. ஜப்பான் என்றால் ஒரே வரிசை. மக்கள் வந்து சேரும் டோக்கியோவும் முதியவர்கள் மட்டுமே மிஞ்சிவரும் அக்கித்தா மாகாணமும் அதில் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. பள்ளி மூடுவதா, முதியோர் மருத்துவமனை கட்டுவதா என்று முடிவெடுப்பவருக்கு நாட்டுச் சராசரி உதவவே உதவாது, அதற்கு அந்தந்த நாட்டின் புள்ளியியல் துறையைத்தான் தேடிப் போக வேண்டும். அடுத்தது, கணக்கெடுப்பு பழசாக இருக்கும் நாடுகளின் எண்களும் மற்றவற்றைப் போலவே துல்லியமான தோற்றத்தோடு வரிசையில் நிற்கின்றன. நைஜீரியாவின் கடைசிக் கணக்கெடுப்பு 2006-ல் நடந்தது. அதற்குப் பிந்தைய எண்ணெல்லாம் மதிப்பீடு என்பதை மூலக் குறிப்பைத் திறந்து பார்ப்பவர் மட்டுமே அறிவார்.

புதிதாக வருபவர்கள் தளத்திலேயே இருக்கும் வரைபடங்களில் தொடங்கலாம், பிரமிடும் அங்கேயே கிடைக்கும். பிறகு உங்களுக்கு வேண்டிய நாட்டின் ஒற்றை வயதுத் தரவுக்குப் போங்கள். முழு உலகக் கோப்பு பெரியது, பழைய கணினியில் திறக்கத் திணறும், அதனால் தரவுத் தளத்தில் நாட்டையும் ஆண்டையும் தேர்ந்தெடுத்து அந்தத் துண்டை மட்டும் இறக்கிக்கொள்வது நல்லது.