குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டச் சுற்றுலா: காலை 6 மணிக்கே போங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்துத் திற்பரப்பு அருவிக்கு வருகிறவர்களுக்காக நடத்தப்படும் இந்தத் தோட்டச் சுற்றுலாவில் காலை 6 மணி, 11 மணி என்று இரண்டு நேரம் உண்டு. 11 மணிக்குப் பணம் கட்டாதீர்கள். ரப்பர் மரத்தை வெட்டும்போது பட்டைக்குள் இருக்கும் அழுத்தம்தான் பாலை வெளியே தள்ளுகிறது. வெயில் ஏறினால் இலை வழியே நீர் போய் அழுத்தம் குறையும். அப்போது வெட்டினால் கொஞ்சம் கசிந்து நின்றுவிடும். வேடிக்கை காட்ட வெட்டுவதால் மரத்துக்குப் பட்டையும் நஷ்டம்.

காலை நேரச் சுற்று அருமை. முந்தைய வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை முதலில் உரித்தெடுக்கிறார்கள். பிறகு கத்தி இடது மேலிருந்து வலது கீழாக, சுமார் 30 டிகிரி சரிவில், பாதி மரச்சுற்றுக்கு இறங்குகிறது. பால்குழாய்கள் லேசாக வலப்பக்கம் சாய்ந்து ஏறுவதால் இந்தச் சரிவில்தான் நிறைய குழாய் அறுபடும். சீவுவது ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான். கத்தி பட்டைக்கு உள்ளே இருக்கும் மரத்தடியைத் தொட்டுவிட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே ஒழுங்காக வெட்டவே முடியாது. அதனால்தான் பார்வையாளர்களை விறகுக்குப் போகவிருக்கும் கிழட்டு மரங்களில் மட்டும் வெட்டிப் பழக விடுகிறார்கள். மிகச் சரியான ஏற்பாடு.

பாலை உறையவைத்து ரப்பர் தகடாக்கும், அதாவது ஷீட் அடிக்கும் இடத்தில் ஏனோ அவசரப்படுத்துகிறார்கள். பாலை அரித்து, தண்ணீர் கலந்து, ஃபார்மிக் ஆசிட் விட்டு, மறுநாள் உறைந்த கட்டியை உருளையில் கொடுத்து 3 மில்லிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவருவதை நின்று பாருங்கள். கடைசியில் ஷீட்டில் வரி பதிக்கும் உருளை. அந்த வரி அழகுக்கல்ல. காற்றும் புகையும் ஏற இடம் கொடுத்துச் சீக்கிரம் உலர்த்துகிறது. ஷீட்டைப் புகையில் உலர்த்தும் புகைப்புரையில் சூடு 60 டிகிரியைத் தாண்டினால் ஷீட்டில் குமிழி விழும். நன்றாகக் காய்ந்த ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தேன் நிறத்தில் தெளிவாகத் தெரியும். வெள்ளைத் திட்டு தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, பூசணம் பிடிக்கும். இதைக் கேட்டால்தான் காட்டுகிறார்கள். கேளுங்கள்.

ஒரு பெரிய குறை: வெட்டு இல்லாத மரங்களில் பால் பிடிக்கும் சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்கவில்லை. மழைத்தண்ணீர் தேங்கி கொசு பெருகுகிறது. டெங்கு பரவும் ஊரில் இந்த அலட்சியம் கூடாது, உடனே திருத்த வேண்டும். முழுக்கை சட்டை போட்டுப் போங்கள். பழையதாகவே இருக்கட்டும், ரப்பர் பால் துணியில் காய்ந்தால் கறை போகாது.

டிசம்பர், ஜனவரி நல்ல காலம். கனமழை நாளில் வெட்டு நடக்காது, முன்தினமே போன் செய்து கேளுங்கள். இலையுதிர்ந்து துளிர்க்கும் பிப்ரவரி, மார்ச்சில் பெரும்பாலும் வெட்டு இருக்காது. பதிலாகத் தேன்பெட்டிகள் இருக்கும். அந்தத் தேன் பூவிலிருந்து வருவதல்ல, இளந்துளிரின் இலைக்காம்பில் ஊறுவது. பெட்டி திறந்து காட்டுகிறார்கள். மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கும் மீன்கறியும் காலைச் சாப்பாடாக வேண்டுமென்றால் போனிலேயே சொல்லிவிடுங்கள்.